ஓதம் ஏறும் மண்ணில் உறிஞ்சுகுழி

கேள்வி: ஆறு கடலில் சேரும் கழிமுகத்தின் கரையில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. 38 வீடுகள். பெரும்பாலானவை 25 வருடங்களுக்கு முன்பு கட்டியவை. பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், பக்கத்தில் ஆழமான உறிஞ்சுகுழி. மழைக்காலத்தில் கழிப்பறைத் தண்ணீர் இறங்க மறுக்கிறது. வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் இறங்கும் நேரத்தில், கரையோரச் சேற்றில் பச்சைப் பாசி திட்டுத்திட்டாகத் தெரிகிறது, நாற்றமும் வருகிறது. ஒருமுறை தண்ணீரைச் சோதித்ததில் ‘கோலிஃபார்ம் மிக அதிகம்’ என்று ஒற்றை வரி அறிக்கை கிடைத்தது. ஆற்றின் மேல்பக்கம் மாடு மேய்கிறது, அதனால்தான் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். சங்கத்தில் மூன்று யோசனைகள் ஓடுகின்றன: இந்த மழையிலேயே எல்லா டேங்கையும் ஒரே வாரத்தில் காலி செய்வது, பாக்டீரியா பவுடர் வாங்கிப் போடுவது, குளோரின் கலப்பது. எது சரி? இந்தக் கரையில் எடுக்கும் சிப்பியை வேகவைத்துச் சாப்பிடலாமா?

— குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: முதலில் அந்தக் காலி செய்யும் யோசனையை நிறுத்துங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதில் மட்டும் அவசரம் இருக்கிறது.

மழைக்காலத்தில் கழிமுகக் கரையில் நிலத்தடி நீர் தரைக்கு ஓரிரு அடி கீழே நிற்கும். உங்கள் டேங்க் அந்த நீருக்குள் புதைந்திருக்கும் ஒரு பெட்டி. வெளி அளவில் 5 கன மீட்டர் உள்ள தொட்டியைச் சுற்றிலும் நீர் நின்றால், அது தொட்டியை மேல்நோக்கித் தள்ளும் விசை சுமார் 5 டன். 10 செ.மீ. சுவர் கொண்ட கான்கிரீட் தொட்டி ஏறக்குறைய 4 டன் எடை இருக்கும். இத்தனை நாள் அதை மிதக்கவிடாமல் அமுக்கி வைத்திருந்தது உள்ளே நிறைந்திருந்த கழிவுநீரின் எடையும் மேலே கிடக்கும் மண்ணும்தான். லாரிக்காரர் முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிட்டால் தொட்டி படகுபோல எழும். முழுக்க எழாவிட்டாலும் ஒரு விரற்கடை தூக்கினாலே போதும், வீட்டிலிருந்து வரும் குழாய் மூட்டு விட்டுவிடும், வெளியேறும் குழாய் முறிந்துவிடும். பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகளின் எடை சில நூறு கிலோதான். அவை எழும்பாமல் இருந்தால்தான் அதிசயம். செங்கல் தொட்டியில் தளம் விரிசல் விடும், பக்கச் சுவர் உள்வாங்கும்.

கழிப்பறையே பயன்படுத்த முடியாத நிலை என்றால் மேல்மட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அதுகூட ஓரிரு நாள் நிவாரணம்தான். உறிஞ்சுகுழி நிரம்பி நிற்பதால் அங்கிருந்தே தண்ணீர் டேங்குக்குத் திரும்பி வரும். முழுதாகக் காலி செய்வது, உள்ளே பார்ப்பது, பழுது சரி செய்வது எல்லாம் நீர்மட்டம் இறங்கிய கோடையில்.

பவுடர் விஷயத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். டேங்குக்குள் வேண்டிய பாக்டீரியா நம் குடலிலிருந்தே கோடிக்கணக்கில் தினமும் போகிறது. வெளியிலிருந்து ஒரு பொட்டலம் போட்டு அதற்கு ஆள்பலம் சேர்க்க வேண்டியதில்லை. சில பொருட்கள் கசடைக் கிளறி மிதக்கவிட்டு உறிஞ்சுகுழிக்குத் தள்ளிவிடும். டேங்க் காலியானது போலத் தெரியும், குழியின் மண் கண்கள் அடைபட்டிருக்கும்.

இனி உண்மையான நோய்க்கு வருவோம். செப்டிக் டேங்கைப் பலரும் ஒரு சுத்திகரிப்பு நிலையம் என்று நினைக்கிறார்கள். அது வெறும் தெளியவைக்கும் பாத்திரம். கழிவுநீர் ஒன்றிரண்டு நாள் அதில் நின்றால் கனமானது அடியில் கசடாகத் தங்கும், எண்ணெயும் சோப்பு நுரையும் மேலே ஆடையாகப் படியும், நடுவில் இருக்கும் சாம்பல் நிறத் தண்ணீர் வெளியேறும். மிதக்கும் திடப்பொருளில் பாதிக்கு மேல் குறைந்திருக்கும், பி.ஓ.டி., அதாவது கழிவு மட்கும்போது இழுக்கும் ஆக்சிஜனின் அளவு, மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறையலாம். கிருமியோ? 100 மி.லி.க்குப் பத்து லட்சம் மலக் கோலிஃபார்ம் (மலத்தின் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) என்பது டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீரில் சாதாரணம். நைட்ரஜன் ஏறக்குறைய வந்தபடியே போகிறது.

மிச்ச வேலை முழுவதையும் செய்வது மண். ஈரம் இருந்தும் நீர் நிற்காத, காற்றோட்டமுள்ள மண். அதில் தண்ணீர் மணல் துகள்களின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கும்போது பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும், பட்டினியில் சாகும், மண்ணிலிருக்கும் மற்ற உயிரிகளுக்கு இரையாகும். அதனால்தான் குழியின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கும் இடையே 60 முதல் 120 செ.மீ. உலர் மண் வேண்டும் என்று பல நாட்டு விதிகளும் கேட்கின்றன. அந்த இடைவெளி நீரில் மூழ்கிவிட்டால் துவாரங்கள் நிறையும், காற்று இருக்காது, தண்ணீர் படலமாக வழியாமல் பெரிய துளைகள் வழியாக நேராக ஓடும். பாக்டீரியாவைவிடப் பலமடங்கு சிறிய வைரஸ்கள் அப்படி மூழ்கிய மணலில் பல மீட்டர் போகக்கூடியவை.

ஆழமாகத் தோண்டினால் நன்றாக உறிஞ்சும் என்பது மேட்டு நிலத்துக் கணக்கு. கழிமுகக் கரையில் ஆழமான குழி என்பது கழிவுநீரை நேரே நிலத்தடி நீரில் கலக்கும் ஒரு கிணறு. உங்கள் 25 வருட வீடுகளில் கட்டும்போது நீர்மட்டம் பார்த்திருந்தாலும், அநேகமாகக் கோடையில் ஒருநாள் பார்த்திருப்பார்கள். கடல்மட்டம் உயரும்போது கரையோர நிலத்தடி நீரும் கூடவே உயரும் என்பதால் அன்றைய அளவு இன்று செல்லாது.

ஆகவே நீங்கள் முதலில் செலவு செய்ய வேண்டியது ஒரு பி.வி.சி. குழாய்க்கு. இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். 38 வீட்டின் முடிவும் இதைப் பொறுத்தது.

50 மி.மீ. குழாய், இரண்டரை மீட்டர் நீளம். கீழ்ப்பாதியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு, 2–3 செ.மீ. இடைவெளியில் ஹாக்ஸா பிளேடால் குறுக்கே கீறல் போடுங்கள். எதிரெதிர்ப் பக்கத்தில் மாற்றி மாற்றிப் போட்டால் குழாய் ஒடியாது. அடியில் மூடி. கீறல் பகுதியைச் சுற்றி நைலான் வலைத்துணி. கை ஆகரால் (கையால் திருகித் துளையிடும் கருவி) இரண்டு மீட்டர் துளையிட்டு இறக்கி, சுற்றிலும் பருமணல் கொட்டுங்கள். மேலே கடைசி 30 செ.மீ. களிமண்ணால் கெட்டியாக அடைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மழைத் தண்ணீர் குழாயை ஒட்டியே வழிந்து இறங்கிப் பொய்க் கணக்குக் காட்டும். மேல்முனை தரையிலிருந்து அரை மீட்டர் நீட்டிக்கொண்டு இருக்கட்டும், மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை.

உச்ச மட்டத்தைப் பார்க்க நடுராத்திரி ஓதத்துக்கு (கடல்நீர் ஏறும் நேரத்துக்கு) டார்ச்சோடு நிற்க வேண்டாம். ஒரு தேக்கரண்டி கார்க் தூளைக் குழாய்க்குள் போட்டு, காய்ந்த மரக்குச்சி ஒன்றை உள்ளே நிறுத்துங்கள். நீர் ஏறும்போது தூள் மிதந்து ஏறும். இறங்கும்போது குச்சியில் ஒட்டிக்கொண்டு ஒரு பழுப்பு வளையம் விட்டுப் போகும். வளையத்தின் மேல் விளிம்புதான் அந்த வாரத்து உச்சம். அளந்து எழுதிக்கொண்டு குச்சியைத் துடைத்து மறுபடி வையுங்கள். அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் தொடும்படி குறைந்தது ஒரு மாதம், அதுவும் மழைக்காலத்தில் பாருங்கள். கரையிலிருந்து தள்ளிப் போகப் போக ஓதத்தின் ஏற்றம் மண்ணுக்குள் தாமதமாகவும் குறைவாகவும் தெரியும். அதைக் கண்டு ‘இங்கே ஓதம் வருவதில்லை’ என்று நினைத்துவிட வேண்டாம். கரை மண் வேகமாக நிறைந்து மெதுவாக வடியும், அதனால் அங்கே சராசரி நீர்மட்டமே கடல்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும்.

38 வீட்டுக்கும் வேண்டாம். மிகத் தாழ்ந்த வீடு, மிக உயர்ந்த வீடு, கரையை ஒட்டியவை இரண்டு, பாசித் திட்டுக்கு நேர் எதிரே இருப்பவை இரண்டு என ஆறு குழாய் போதும். உறிஞ்சுகுழியின் அடிமட்டத்தையும் குழாய் வாயையும் ஒப்பிட, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் ஒன்றே போதுமானது. குழியின் அடிக்கும் பழுப்பு வளையத்துக்கும் இடையே 60 செ.மீ. இருந்தால் அந்த வீட்டைப் பட்டியலின் கடைசியில் போடுங்கள். வளையம் குழியின் அடிக்கு மேலே இருந்தால், அந்த வீட்டில் டேங்க் எவ்வளவு புதிது, எத்தனை முறை காலி செய்தார்கள் என்பதெல்லாம் பேச்சே இல்லை.

அடுத்து அந்த ஒற்றை வரி அறிக்கை. மொத்தக் கோலிஃபார்ம் என்ற எண்ணிக்கையில் மண்ணிலும் இலைச்சருகிலும் வாழும் பாக்டீரியாவும் சேரும், கழிமுகத்தில் அது எப்போதுமே அதிகமாகத்தான் இருக்கும். உப்புத் தண்ணீரில் கேட்க வேண்டிய சோதனை என்டரோகாக்கை, அதுவும் குடலில் வாழும் ஒரு பாக்டீரியா வகைதான். மலக் கோலிஃபார்ம் வகையைச் சேர்ந்த ஈ.கோலை உப்பிலும் வெயிலிலும் சீக்கிரம் சாவதால் குறைவான எண்ணைக் காட்டி ஏமாற்றும். என்டரோகாக்கை அதைவிட நேரம் தாக்குப்பிடிக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2012-இல் வெளியிட்ட பரிந்துரையில், குளிக்கும் கடல்நீருக்கு என்டரோகாக்கையின் பெருக்குச் சராசரி (எண்களைக் கூட்டாமல் பெருக்கி, மூலம் எடுத்துக் காணும் சராசரி) 100 மி.லி.க்கு 35 என்று இருக்கிறது. உங்கள் அறிக்கையில் வரும் எண்ணிக்கையை ஒப்பிட உதவும் அளவுகோல் இது. உங்கள் ஊர் விதியில் வேறு எண் இருந்தால் அதைக் கொள்ளுங்கள்.

மாதிரி எடுக்கும் நேரம்தான் பாதி அறிக்கை. வற்றத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் எடுங்கள். அப்போதுதான் கடல்நீரின் கலப்பு குறைந்து, கரையிலிருந்து கசிவது தனியாகத் தெரியும். முழங்கால் ஆழத்தில் ஓட்டத்தை எதிர்த்து நின்று, சேறு கலங்காமல், கிருமி நீக்கிய குப்பியை ஓரடிக்குக் கீழே அமிழ்த்தி, வாய் ஓட்டத்தைப் பார்க்கும்படி பிடித்து நிரப்புங்கள். குப்பியின் கழுத்தையோ மூடியின் உட்பக்கத்தையோ விரல் தொடக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். கூடவே அந்த இடத்து உப்பளவையும் குறியுங்கள். குடியிருப்புக்கு மேலே ஒன்று, முன்னால் மூன்று, முகத்துவாரத்தருகே ஒன்று என ஐந்து இடம். ஒரே மாதத்தில் ஐந்து சுற்று, அவற்றில் மூன்று மழையில்லா நாளில், இரண்டு மழை பெய்த 24 மணி நேரத்துக்குள்.

மாடா மனிதரா என்ற சண்டை இதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். மழையில்லாத நாளில், வற்றத்தில், குடியிருப்பின் முன்னால் மட்டும் எண்ணிக்கை எகிறினால் அது தரைக்குக் கீழே வரும் கசிவு அல்லது யாரோ ஒளித்துவிட்ட குழாய். மழைக்குப் பின் மட்டும், மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி ஏறினால் மேய்ச்சல் நிலமும் தெருநாயும் கணக்கில் வரும். ஏற்றத்தில் அதிகமாக இருந்தால் வெளியே, படகுகள் நிற்கும் பக்கம் பாருங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் எச்.எஃப். 183 என்ற மரபணுக் குறியீட்டுச் சோதனை இருக்கிறது. மனிதக் குடலோடு சேர்ந்த பாக்டீராய்டிஸ் இனத்தை அது அடையாளம் காட்டும். விலை கூடுதல். ஐந்து சுற்று முடிந்தபின், மோசமான இரண்டு மாதிரிக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

ஆய்வகமே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. துணி துவைக்கும் பவுடரில் வெளுப்பூட்டும் ஒளிர்பொருள் இருக்கிறது. மாடு துணி துவைப்பதில்லை. சாயமோ வெளுப்போ ஏறாத பஞ்சுத் துணியைக் கம்பி வலைக்குள் வைத்து, சந்தேகமான கசிவுகளில் ஐந்தாறு நாள் கட்டி வையுங்கள். அலசி, இருட்டில் உலர்த்தி, 365 நானோமீட்டர் புறஊதா விளக்கில் பார்த்தால், துவைத்த தண்ணீர் வந்த இடத்துத் துணி நீலவெள்ளையாக மின்னும். அலையாத்திக் காட்டு இலைச்சாறும் மங்கலாக ஒளிரும். அதனால் மேலே, வீடுகளே இல்லாத இடத்தில் ஒரு துணி கட்டி அதோடு ஒப்பிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சந்தேகப்பட்ட வீட்டில் கடைசியாகச் சாயச் சோதனை. யுரானின் என்ற பச்சைச் சாயத்தைக் கழிப்பறையில் ஊற்றி, நிறையத் தண்ணீர் விட்டு, அடுத்த நாலைந்து வற்றங்களில் கரையைப் பாருங்கள். வெயிலில் அது நிறம் இழக்கும் என்பதால் விடியற்காலை அல்லது அந்தி வற்றம் நல்லது. பச்சை தெரிந்தால் முடிந்தது. தெரியவில்லை என்பதற்காக அந்த வீடு நிரபராதி ஆகிவிடாது. சாயம் மண்ணில் தங்கியிருக்கலாம், வாரக்கணக்கில் பயணத்தில் இருக்கலாம்.

பாசி தனிக்கதை. கிருமியும் பாசியும் ஒரே குழியிலிருந்து வந்தாலும் ஒரே மருந்துக்குக் கட்டுப்படாது. உப்புநீரில் பாசியின் வளர்ச்சியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது நைட்ரஜன். நல்ல உலர் மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும், நைட்ரேட் மண்ணில் எதிலும் ஒட்டாமல் நிலத்தடி நீரோடு அதன் வேகத்திலேயே நடந்து கரைக்கு வந்து சேரும். ஆக, விதிப்படி 60 செ.மீ. இடைவெளியோடு அருமையாக வேலை செய்யும் உறிஞ்சுகுழியும் பாசிக்கு உரம் போட்டுக்கொண்டுதான் இருக்கும். குழியைக் கரையிலிருந்து 30 மீட்டர் தள்ளி வைத்தால் நைட்ரேட் தாமதமாக வரும், அவ்வளவே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மனிதரின் கழிவில் வருடத்துக்கு நாலரை கிலோ அளவில் நைட்ரஜன். 38 வீட்டில் 150 பேர் என்றால் 650 கிலோவுக்கு மேல். மண்ணில் ஒரு பகுதி குறைந்தாலும் சில நூறு கிலோ கழிமுகத்துக்குப் போகிறது. மிதவைப் பாசியின் வழக்கமான சேர்மான விகிதப்படி, 1 கிலோ நைட்ரஜனைத் தின்று வளரும் பாசி முழுதாக அழுகி முடிய ஏறக்குறைய 20 கிலோ ஆக்சிஜன் வேண்டும். பகலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே இழுக்கும். விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் காரணம் இதுதான். ஆக்சிஜன் மீட்டர் கிடைத்தால் அந்த நேரத்தில், அடித்தண்ணீரில் அளக்க வேண்டும். பிற்பகல் மேல்தண்ணீரில் எடுத்த அளவு எல்லாம் நலமே என்றுதான் சொல்லும்.

உங்கள் முகத்துவாரம் மணல்மேடு போட்டு அடைபடும் வகை என்றால் நிலைமை இன்னும் இறுகும். கடலோடு நீர் மாறுவது நின்றுவிடும், உள்ளே நீர்மட்டம் ஏறும், அதோடு உங்கள் உறிஞ்சுகுழிகளும் மூழ்கும். அப்போது ஊரார் சேர்ந்து மணலை வெட்டிவிட ஆசைப்படுவார்கள். அடியில் ஆக்சிஜன் இல்லாத நீர் தேங்கியிருக்கும்போது அவசரப்பட்டு வெட்டினால் மேலிருக்கும் நல்ல தண்ணீர் முதலில் கடலுக்கு ஓடிவிடும். மிஞ்சிய கெட்ட தண்ணீரில் மீன்கள் மாட்டிக்கொண்டு கூட்டமாகச் சாகும். அடித்தண்ணீரின் ஆக்சிஜனை அளந்து பார்க்காமல், பொறுப்பிலிருக்கும் துறையைக் கேட்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

வீட்டளவில் என்ன செய்வது? தண்ணீரைக் குறைப்பதுதான் நாளைக்கே தொடங்கக்கூடிய சிகிச்சை. ஃப்ளஷ் தொட்டியில் ரப்பர் அடைப்பான் தேய்ந்து ஒழுகினால் ஒரு நாளில் பல நூறு லிட்டர் சத்தமில்லாமல் டேங்குக்குப் போகும். இரவு ஃப்ளஷ் தொட்டியில் நாலு சொட்டு உணவுச் சாயம் விட்டு, அரை மணி நேரம் கழித்துப் பீங்கானில் நிறம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். துணி துவைப்பதை ஒரே நாளில் குவிக்காமல் வாரம் முழுக்கப் பரப்புங்கள். மொட்டைமாடி மழைநீர்க் குழாய் டேங்கிலோ உறிஞ்சுகுழியிலோ சேர்ந்திருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். பழைய வீடுகளில் இது அடிக்கடி காணும் கோளாறு.

கோடையில் ஒவ்வொரு டேங்கிலும் கசடை அளக்க வேண்டும். இரண்டு மீட்டர் கம்பில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி அடி தட்டும்வரை இறக்கி, சில நிமிடம் வைத்திருந்து மெதுவாக எடுத்தால், கசடின் உயரம் கருப்புக் கறையாகத் துண்டில் நிற்கும். தண்ணீர் வெளியேறும் வாயிலுள்ள ‘டி’ (T) வடிவக் குழாயின் கீழ்வாய்க்கும் கசடின் மேல்மட்டத்துக்கும் இடையே 30 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், அல்லது மேலே மிதக்கும் ஆடையின் அடி அந்தக் கீழ்வாயிலிருந்து 15 செ.மீ.க்குள் வந்துவிட்டால் காலி செய்யும் நேரம். காலி செய்த அன்றே ‘டி’ குழாய் இருக்கிறதா, உடைந்ததா என்று மேலிருந்து விளக்கடித்துப் பாருங்கள். வெளியேறும் வாயில் ஒன்றரை மி.மீ. துளையுள்ள வடிகட்டி ஒன்றைப் பொருத்தினால் குழியின் ஆயுள் கூடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். யாரும் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே இறங்கக்கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடும்போது மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது, ‘வாடை இல்லை, இறங்கலாம்’ என்பவரும் அவரைத் தூக்கப் போகிறவரும் சேர்ந்தே போவார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. டேங்க் தண்ணீரின் உப்பளவை எடுங்கள். வீட்டுக் குழாய் நீரைவிடச் சற்று அதிகமாக இருப்பது இயல்பு. பலமடங்கு உப்பாக இருந்தால் ஓதநீர் உள்ளே வருகிறது, வந்த வழியே கழிவும் போகிறது. அடியில் பூசாமல் விட்ட தொட்டிகள் இப்படித்தான் மாட்டும். கடல்நீரில் சல்ஃபேட் அதிகம். காற்றில்லாத தொட்டிக்குள் அது ஹைட்ரஜன் சல்ஃபைடாகி, நீர்மட்டத்துக்கு மேலே ஈரச் சுவரில் அமிலமாக மாறி, கான்கிரீட்டைத் தயிர்போல உதிர்க்கும். மூடியின் அடிப்பக்கம் கம்பி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குழந்தைகளை அதன் மேல் நடக்கவிட வேண்டும்.

வளையம் குழியைத் தாண்டிய வீடுகளுக்கு ஆழக்குழியை மூடிவிட்டு மண்ணை மேலே கொண்டு வருவதுதான் வழி. இதற்கு மணல்மேட்டு அமைப்பு. தரைக்கு மேல் 60 செ.மீ. தூய நடுத்தர மணல், அதன் மேல் ஜல்லிப் படுகை, அதில் 5–6 மி.மீ. துளையிட்ட குழாய்கள். டேங்கிலிருந்து சிறு பம்ப் ஒன்று நாளைக்கு நாலைந்து தவணையாகத் தண்ணீரை அழுத்தி அனுப்பும். ஒரே மூச்சில் கொட்டாமல் தவணையாக விடுவதால்தான் மணலுக்குள் காற்று புகுகிறது. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று வைத்தால், 480 லிட்டர் கழிவுநீர் விடும் நாலு பேர் வீட்டுக்கு 12 சதுர மீட்டர் படுகை வேண்டும், சுற்றிலும் சரிவுக்கு மேலும் அதிக இடம் பிடிக்கும். இது கிருமிக்கு. நைட்ரஜனும் குறைய வேண்டுமானால் மணல் வடிகட்டியிலிருந்து வரும் நீரின் பெரும்பகுதியை மறுபடி டேங்கின் முன்வாய்க்கே திருப்பிவிட வேண்டும். அங்கே ஆக்சிஜன் இல்லை, கரிமம் நிறைய உண்டு. நைட்ரேட் அங்கே நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் போய்விடும். ஏறக்குறைய பாதி குறையும். வீட்டுக் கழிவுநீர் நைட்ரஜனில் சுமார் 80 சதவீதம் சிறுநீரில்தான் இருக்கிறது என்பதால், புதிதாகக் கழிப்பறை கட்டுகிறவர்கள் சிறுநீரைத் தனியே பிரிக்கும் பீங்கானை யோசிக்கலாம். வீட்டில் எல்லோரும் ஒத்துழைத்தால் மட்டுமே உருப்படும் ஏற்பாடு அது.

முழுக்க அடைத்த சேமிப்புத் தொட்டி பற்றி யாராவது சொல்வார்கள். அந்த நாலு பேர் வீட்டுக்கு 6,000 லிட்டர் தொட்டி 12 நாளில் நிரம்பும். மாதம் இரண்டு மூன்று லாரி. மூன்றாம் மாதம் யாராவது ராத்திரியில் அதற்கு ஒரு துளை போட்டுவிடுவார்கள்.

என் அபிப்பிராயம், 38 வீடு நெருங்கியிருக்கும் இடத்தில் தனித்தனி மேடு கட்டுவதைவிட, டேங்குகளைச் சரிசெய்து வைத்துக்கொண்டு, தெளிந்த நீரை மட்டும் சிறு விட்டமுள்ள அழுத்தக் குழாயில் குடியிருப்பின் உயரமான மூலைக்கு அனுப்பி, அங்கே பொதுவாக ஒரு சுத்திகரிப்பும் மணல் படுகையும் அமைப்பது நல்லது. திடப்பொருள் டேங்கிலேயே நின்றுவிடுவதால் குழாய்க்குப் பெரிய சரிவோ ஆழமான பள்ளமோ வேண்டியதில்லை. வழக்கமான சாக்கடைக் குழாயை இந்த மண்ணில் ஆழமாகப் புதைத்தால் ஒவ்வொரு மூட்டு வழியாகவும் ஓதநீர் உள்ளே நுழைந்து சுத்திகரிப்பு நிலையத்தை உப்பால் மூழ்கடிக்கும்.

குளோரின் வேண்டாம். கழிவுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து அது குளோரமின் ஆகும், மீன்குஞ்சுக்கும் இறால்குஞ்சுக்கும் மிகச் சிறிய அளவே விஷம். கிருமி நீக்கம் தேவைப்பட்டால் பொதுச் சுத்திகரிப்புக்குப் பிறகு புறஊதா விளக்கு வைக்கலாம். தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் அது வேலை செய்யும். கலங்கலில் கிருமி துகளின் நிழலில் ஒளிந்துகொள்ளும்.

காலி செய்யும் லாரி எங்கே கொட்டுகிறது என்பதையும் சங்கம் கேட்க வேண்டும். 5,000 லிட்டர் கசடில் பி.ஓ.டி. லிட்டருக்கு 5,000 மி.கி. என்றால் மொத்தம் 25 கிலோ. லிட்டருக்கு 6 மி.கி. ஆக்சிஜன் உள்ள தண்ணீரில், 100 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள ஓடையின் ஆக்சிஜன் முழுவதையும் அந்த ஒரு லாரி தீர்த்துவிடும். சுத்திகரிப்பு நிலையத்தின் ரசீது காட்டினால்தான் பணம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சிப்பி கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு எடுக்க வேண்டாம், மட்டியும் வேண்டாம். அவை தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணிகள். தண்ணீரில் இருப்பதைவிடப் பலமடங்கு கிருமி அவற்றின் உடலில் சேரும். சுத்தமான நீரில் இரண்டு நாள் போட்டுவைத்தால் பாக்டீரியா பெரும்பாலும் வெளியேறிவிடும், வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸ் சிப்பியின் குடலில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும். ஓடு திறந்ததும் இறக்கிவிடும் வேக்காடு அதற்குப் போதாது. உள்சதை 90 பாகை செல்சியஸில் ஒன்றரை நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் வைத்திருக்கும் அளவு. சிப்பி வளரும் நீருக்கு அமெரிக்காவில் மலக் கோலிஃபார்மின் பெருக்குச் சராசரி 100 மி.லி.க்கு 14-க்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள். உங்கள் ஐந்து சுற்றில் என்டரோகாக்கையோடு மலக் கோலிஃபார்மையும் அளக்கச் சொல்லி, முடிவு வந்தபின் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியும். அதுவரை கரையில் ஒரு பலகை வையுங்கள்.

பழுதுகளைச் சரிசெய்தபின் என்டரோகாக்கை சில வாரங்களில் இறங்குவது தெரியும். பாசி அப்படி இறங்காது. மண்ணுக்குள் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் நைட்ரேட் வந்து தீர வேண்டும். நிலத்தடி நீர் நாளைக்கு 10 செ.மீ. நகரும் மணலில், கரையிலிருந்து 40 மீட்டர் தள்ளியிருக்கும் குழியின் கடைசிச் சொட்டு கழிமுகத்தைத் தொட 400 நாள் ஆகும். அடுத்த கோடையில் பச்சை அப்படியே இருக்கிறதே என்று யாராவது கூட்டத்தில் எழுந்தால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கார்க் தூள் குச்சிகளையும் எடுத்து வையுங்கள்.